மூணு வேளை, அஞ்சு மில்லி

படிச்சிட்டேன்க்கா. ரெண்டு தடவை படிச்சிட்டேன். வேணும்னா பேப்பரை நீங்க வச்சுக்கிட்டு கேளுங்க, ஒப்பிக்கேன். முத்துலட்சுமி, கணவர் பெயர் மணிமுத்து, இலத்தூர், வயது முப்பத்தொன்று. சம்பவத்தன்று காலை சுமார் எட்டரை மணியளவில் என் வீட்டை ஒட்டிய பொதுமுடுக்குச் சந்தில்... எல்லாம் மனப்பாடம். எழுதுனவரு நல்லா எழுதியிருக்காரு. அவதூறான வார்த்தைகளால் திட்டி, இரு கைகளாலும் பிடித்துத் தள்ளியதில்னு. நான்லாம் சொன்னா இவ்வளவு சுத்தமா வராது.

சே, பயமெல்லாம் இல்ல. கடிகாரத்தைப் பாத்தது அதுக்கில்லக்கா. பிள்ளைக்கு ரெண்டு மணிக்கு மருந்து கொடுக்கணும். நம்ம கேசு பதினேழாவதுன்னு சொன்னிய, உள்ள இப்பதான் ஆறாவது போகுது. சாப்பாட்டுக்கு முன்னால வந்துருமா? உங்களுக்குத் தெரியாததா, தினமும் கோர்ட் டூட்டி பாக்குத ஏட்டு. பிள்ளையா? இங்கனதான் இருக்கான், அந்த மரத்துக்குக் கீழ, பத்திரமாத்தான் இருக்கான். நீங்க உக்காருங்க. எம்புட்டு நேரம்தான் நிப்பிய, கால் வலிக்காதா.

இன்னைக்கு ஆறாவது நாள். டாக்டரம்மா ஏழு நாளைக்கு எழுதியிருக்காவ. எல்லாம் எங்க வீட்டுக்காரரு பண்ணுன வேலை. அவிய சீசனுக்கு வேன் ஓட்டுதாவ. மதுரை, கோயம்புத்தூருன்னு எங்கெங்கயோ இருந்து வார ஆளுகளை ஏத்திக்கிட்டு மெயினருவி, ஐந்தருவி, பழைய குத்தாலம்னு சுத்துவாவ. ஊர்ப்பட்ட பிள்ளையெல்லாம் நம்ம அருவியில குளிக்கு, எம்பிள்ளை மட்டும் பிளாஸ்டிக் வாளியில குளிக்கணுமான்னு திடீர்னு ஒரு ரோசம். புவனேசுக்கு ரெண்டே கால் வயசுக்கா. அவனைக் கொண்டு போயி ஐந்தருவியில தலையைக் காட்டியிருக்காவ. பெரிய ஆம்பளைகளே மூச்சு முட்டி வெளிய ஓடி வருவாவ. வீட்டுக்கு வரும்போதே பிள்ளைக்கு உதடு நீலம். இவிய, பாரு எம்மவன் அழவே இல்லன்னு பெருமை அடிக்காவ. அவன் எங்க அழ, நடுங்கி முடிச்சாத்தான அழுகதுக்கு.

மறுநா காய்ச்சல். நெஞ்சு கர்கர்னு கிடக்கு. ஃபாயிஸா டாக்டர்கிட்ட போனோம். நெஞ்சுல சளி கட்டியிருக்கு, இந்த மருந்து மூணு வேளை, அஞ்சு மில்லி, ஏழு நாள், ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னாவ. அதோட, ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கலைன்னா தூக்கிட்டு வந்துரு, அட்மிட் பண்ணி கையில ஊசி குத்தித்தான் ஏத்தணும்னாவ. நான் சரி சரின்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். அஞ்சு மில்லிதான, ஒரு சின்ன கரண்டி. இதுல என்ன இருக்குன்னு நினைச்சேன்.

பவுடரா இருக்கும் அது. வெந்நியை ஆற வச்சு கோடு வரைக்கும் ஊத்திக் குலுக்கணும். மோந்து பாத்தா நல்ல ஆரஞ்சு மிட்டாய் வாசம். நக்கிப் பாத்தேன். வேப்பங்காய். கம்பெனிக்காரன் பிள்ளையை ஏமாத்த வாசத்தைப் போட்டுருக்கான், பிள்ளை அவனுக்கு மேல இருக்கு. மொத வேளை கரண்டியில கொடுத்தேன். வாயை ஆன்னு திறந்தான், வாங்குனான், என் முகத்தைப் பாத்துக்கிட்டே புர்ர்ர்னு துப்புனான். என் கண்ணுல, மூக்குல, புதுசா அடிச்ச சுவத்துல எல்லாம் மருந்து. சுவருக்கு நெஞ்சுச்சளி இருந்திருந்தா அன்னைக்கே சொகமாயிருக்கும்.

சங்குல கொடுத்துப் பாத்தேன். அதையும் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டான். பால்ல கலந்தேன். ஒரு மடக்கு குடிச்சான், என்னை ஒரு பார்வை பாத்தான், அன்னையிலருந்து பாலையும் நிப்பாட்டிட்டான். வாழைப்பழத்துல பிசைஞ்சு கொடுத்தேன். பழமும் போச்சு. எங்க அத்தை, எம்மாமியாரு, அல்வாவுக்குள்ள வச்சுக் கொடுன்னாவ. அல்வாவைத் தின்னுட்டு மருந்து பட்ட இடத்தை மட்டும் தனியா துப்புதான். எப்படித்தான் பிரிச்சானோ, எனக்கு இன்னும் புரியல.

செல்போன்ல பாட்டைப் போட்டு விட்டேன். வாயைப் பொளந்துக்கிட்டு பாப்பான்லா, அந்த நேரத்துல ஊத்திரலாம்னு. கரண்டி பக்கத்துல வந்த உடனே வாய் தானா மூடுது, கண்ணு போனை விட்டு எடுக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரரு, நான் குடிக்கேன் பாருலேன்னு சொல்லி, ஆகா என்ன ருசி என்ன ருசின்னு அவிய ஒரு மூடி குடிச்சாவ. பிள்ளை கைதட்டி சிரிச்சான். அப்பா இன்னும்னான். அவிய இன்னொரு மூடி குடிச்சாவ. ராவாக முன்னால அவியளுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுட்டு. ஒழுங்கா மருந்து குடிச்ச ஒரே ஆளு அவியதான்.

அத்தை என்ன பண்ணுனாவ தெரியுமா, நீங்க ஒண்ணும் நினைக்கக்கூடாது, குடிக்கலைன்னா போலீசு பிடிச்சிட்டுப் போயிரும்னு மிரட்டுனாவ. அவன் வாசலைப் பாத்துக்கிட்டு, போலீசு வா, போலீசு வான்னு கூப்பிடுதான். உங்க பயம் ஒருத்தனுக்கும் இல்லக்கா.

மிரட்டிப் பாக்கலாம், கொஞ்சிப் பாக்கலாம். எல்லாத்துக்கும் அவன் ஒரே ஒரு பதில்தான் வச்சிருக்கான். அப்பறம். குடிலே கண்ணுன்னா அப்பறம். இந்த ஒரு வாயின்னா அப்பறம். இங்க வக்கீல்மாரு வாய்தா வாங்குதாவல்லா, இவன்கிட்ட வந்து படிக்கணும்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் காய்ச்சல் நூத்தி மூணு. அதுவரைக்கும் அஞ்சு வேளையில ஒரு வேளை மருந்துகூட வயித்துல நிக்கல. சிரிப்பெல்லாம் போயிட்டு. ஆசுபத்திரிக்குத் தூக்கதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவைன்னு மூணு பேரும் சேந்து பிடிச்சோம். அத்தை காலு, அவிய கையி, நான் தலை. பின்வாசல்ல, துணி துவைக்க கல்லு கிட்ட மல்லாக்கப் படுக்க வச்சு ஊத்துனேன். பிள்ளைக்கு புரை ஏறிட்டு. முகம் செவந்து, கண்ணு மேல போயி, சத்தமே வரல. ஒரு நிமிஷம் இருக்குமா, அரை நிமிஷம்தான் இருக்கும். அப்பத்தான் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஏட்டி முத்து, மல்லாக்கப் போடாத, தூக்கு, நிமித்து அவனைன்னு.

தூக்கி நிமித்துனேன். ஓக்காளிச்சு எல்லாத்தையும் கக்கிட்டு, ஓன்னு அழுதான். பிள்ளை அழுகையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது, அவன் பிறந்த அன்னைக்குப் பிறகு அன்னைக்குத்தான்.

சத்தம் போட்டது யாரா? சந்தனமாரி. ஆமாக்கா. இந்தப் பேப்பர்ல இருக்கவதான். எங்க அடுத்த வீட்டுக்காரி, நம்ம கேசுல குத்தவாளி. வேற சந்தனமாரி எங்க தெருவுல கிடையாது. ஒண்ணரை வருசம் கழிச்சு என்கிட்ட அவ பேசுன மொதப் பேச்சு அதுதான். நர்சுக்குப் படிச்சவக்கா அவ. தென்காசியில ஒரு பெரிய ஆசுபத்திரியில நாலு வருசம் பிள்ளைக வார்டுல வேலை பாத்தவ. எங்க பின்வாசலும் அவ பின்வாசலும் ஒட்டுனாப்ல, நடுவுல ஒரு சுவரு. கேசு ஆன பிறகு எங்க வீட்டுக்காரரு கோவத்துல அதுக்கு மேல ரெண்டு வரி கல்லு ஏத்திக் கட்டுனாவ. அதனால அவ முகம் தெரியல, நெத்தியும் கண்ணும் மட்டும்தான் தெரியுது. பிள்ளையை இங்க கொடுன்னா.

அத்தை என்னைப் பாத்தாவ. அவிய சுவத்தைப் பாத்தாவ. நான் யாரையும் பாக்கல. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவத்துக்கு மேல பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துட்டேன். அந்த ரெண்டு வரி கல்லு இல்லைன்னா ஸ்டூலே வேண்டியதில்ல. எதிரி கையில பிள்ளையைக் கொடுக்கோமேன்னு அப்ப தோணவே இல்ல. ஸ்டூல்ல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டே நின்னேன்.

அவ ஒண்ணும் மந்திரம் போடலக்கா. மொதல்ல மருந்தையே எடுக்கல. நிமிந்தாப்ல மடியில உக்கார வச்சா. ஊசி மாட்டாத வெறும் சிரிஞ்சு ஒண்ணைக் கொண்டாந்து அவன் கையில கொடுத்தா. அதுல தண்ணியை உறிஞ்சி, என் முகத்துல அடிலேன்னா. அவன் பீச்சி அடிச்சான். ஐயோ நனைஞ்சிட்டேனேன்னா. பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கல, அந்தக் காய்ச்சல்லயும். பெறகு, இப்ப எனக்கு ஒரு தடவை, உனக்கு ஒரு தடவைன்னா. அவளுக்குத் தண்ணி, அவனுக்கு மருந்து. கன்னத்துக்கு உள்பக்கமா, ஓரத்துல, சொட்டு மாதிரி ஒரே ஒரு பீச்சு. அவன் முழிச்சான், முழுங்கிட்டான். உடனே தண்ணி. திரும்ப அவ முறை. அஞ்சு மில்லியை அப்படி ஒரு பத்து தடவையா பிரிச்சு உள்ள அனுப்பிட்டா. நாங்க மூணு பேரு ரெண்டு நாளா மல்லுக்கு நின்ன விஷயம், அவ பேசிக்கிட்டே முடிச்சுட்டா. பெறகு பிள்ளையை சுவத்துக்கு மேல நீட்டி, காலையில ஆறு மணிக்குக் கொண்டான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நல்லாயிருக்கியான்னு அவளும் கேக்கல, நானும் கேக்கல.

மறுநா நானே சிரிஞ்சு வாங்கியாந்து அதே மாதிரி செஞ்சு பாத்தேன். அவன் என் முகத்துல தண்ணியைப் பீச்சிட்டு, மாரி, மாரின்னு சுவத்தைக் காட்டுதான். அவ கொடுத்தாத்தான் குடிப்பானாம். அப்பறம் என்ன செய்ய? காலையில ஆறு மணிக்கு சுவருக்கு மேல பிள்ளை போவான், ரெண்டு மணிக்குப் போவான், ராத்திரி சாப்பிட முன்னால போவான். மூணாவது நாளே காய்ச்சல் இறங்கிட்டு. எங்க அத்தை அவ கூட பேச மாட்டாவ. ஆனா அஞ்சே முக்காலுக்கே பின்வாசல்ல போயி நின்னுக்கிட்டு, கறிவேப்பிலை பறிக்க மாதிரி, அவ கதவு திறந்துட்டாளான்னு பாப்பாவ. எங்க செடியில இப்ப ஒரு இலை கிடையாது. எங்க வீட்டுக்காரரு, கேசு வேற மருந்து வேறன்னு சொல்லிக்கிட்டாவ. நேத்தைக்கு நான் பாத்திரம் தேச்சுக்கிட்டு இருக்கேன், அவிய பாட்டுக்கு சுத்தியலைக் கொண்டாந்து மேல் வரியில நாலு கல்லை உடைச்சு எடுத்தாவ. என்னன்னு கேட்டா, பிள்ளைக்குக் காலு இடிக்குங்காவ.

என்ன? பதினோராவது கேசா? அதுக்குள்ளயா? எல்லாம் வாய்தாவா... சரிதான்.

இல்லக்கா, சத்தியமா இல்ல. நீங்க போலீசு, அப்படித்தான் கேப்பிய. சாட்சியைக் கலைக்கப் பாக்குதாளான்னுதான கேக்குதிய? இத்தனை நாளும் அவ கேசைப் பத்தி ஒரு வார்த்தை பேசலக்கா. நான் காத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு. கேட்டா, அதான பாத்தேன், இதுக்குத்தான் மருந்து கொடுத்தியான்னு ஒரு சண்டை போட்டுரலாம்னு நாக்கு நுனியில வச்சிருந்தேன். கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். அவ கேக்கல. நாலாவது நாளு நானாத்தான் கேட்டேன். மஸ்கட் வேலை என்ன ஆச்சுன்னு. அந்த ஆசுபத்திரிக்காரன் எட்டு மாசம் காத்திருந்தான், வேற ஆளை எடுத்துட்டான்னா. சும்மா சொன்னா, பஸ்ஸை விட்ட மாதிரி.

உங்களுக்குத் தெரியாதா? அவளுக்கு மஸ்கட்ல நர்சு வேலைக்கு ஆர்டர் வந்திருந்து. போலீசுல, இந்த ஆள் மேல கேசு எதுவும் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் கொடுக்கணும்லா. கேசு நடக்கும்போது எப்படிக் கொடுப்பிய? நிப்பாட்டிட்டிய. இங்க இருந்த வேலையையும் அதை நம்பி விட்டுட்டா. திரும்பப் போயி கேட்டா, கேசு முடியட்டும்னுட்டாவ. அன்னையிலருந்து வீட்டுலதான் இருக்கா, அப்பாவையும் அம்மாவையும் பாத்துக்கிட்டு. அந்தச் சேதி வந்த அன்னைக்கு எங்க அத்தைக்கு முகத்துல அவ்வளவு வெளிச்சம். நான் மட்டும் என்ன, பாயசம் வைக்கல, அவ்வளவுதான். இப்ப நினைச்சுப் பாருங்க. என் கேசு இல்லைன்னா அவ இன்னேரம் மஸ்கட்ல யாரு பிள்ளைக்கோ மருந்து கொடுத்துக்கிட்டு இருப்பா. என் பிள்ளைக்குப் புரை ஏறும்போது சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாவ. அவளை அங்கன நிப்பாட்டி வச்சவளே நான்தான்.

ஆமா, அந்தா மஞ்ச சுடிதாரு, அவதான். மடியில இருக்கதுதான் புவனேசு. சிரிக்காதியக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே நாள் கோர்ட்டு, ரெண்டு மணி மருந்துக்குப் பிள்ளையை எங்க விடன்னு முழிச்சேன். நான் ஸ்கூட்டியிலதான் போறேன், நீ பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு பின்னால உக்காருன்னா. புகார் கொடுத்தவளும் குத்தவாளியும் ஒரே வண்டியில வந்து இறங்குதோம், அவ வக்கீல் மரத்தடியில நின்னு பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. வழியில அவகிட்ட ஒண்ணு சொல்லலாம்னு நாலு தடவை வாயெடுத்தேன். ஏட்டி சும்மா இரு, பிள்ளை தூங்குதான்லான்னுட்டா.

வேண்டாம்க்கா. சமாதானமாப் போறோம்னு எழுதிக் கொடுக்கச் சொல்லி அரசு வக்கீல் சாரும் காலையிலேயே சொன்னாவ. நல்ல மனசுலதான் சொல்லுதிய. ஆனா சமாதானம்னு எழுதுனா, அவ தப்புப் பண்ணுனா, நான் மன்னிச்சு விட்டேன்னு ஆயிரும்லா. நான் மன்னிக்க அங்கன என்ன இருக்கு?

அன்னைக்குச் சண்டை நடந்தது நெசம். அவ வீட்டு வாஷிங் மெஷின் தண்ணி முடுக்குல ஓடுதுன்னு நான்தான் ஆரம்பிச்சேன். அவளும் திட்டுனா. ஆனா தண்ணி இல்லக்கா விஷயம். அதுக்கு முந்துன நாள் சாயங்காலம் அவ தெரு பூரா லட்டு கொடுத்தா, மஸ்கட் ஆர்டர் வந்துட்டுன்னு. எங்க வீட்டுக்கும் கொண்டாந்து, என் வாயில அவளே ஊட்டி விட்டா. பத்தாங்கிளாஸ் வரைக்கும் நாங்க ஒரே பெஞ்சு. என்னைவிட அவளுக்கு மார்க்கு கம்மி. நான் இடுப்புல பால் குடிக்கப் பிள்ளையோட, அழுக்கு நைட்டியோட நிக்கேன், அவ மஸ்கட்ல ஏசி ரூம்பு கொடுப்பாவளாம்னு சொல்லிட்டுப் போறா. எனக்கு அந்த லட்டு இறங்கவே இல்ல. மறுநா காலையில தண்ணி கண்ணுல பட்டுது. அதுதான் நடந்தது.

திட்டிட்டு அவ உள்ள போயிட்டா. கதவையும் சாத்திட்டா. அதுக்கப்புறமும் நான் ஆளில்லாத முடுக்குல நின்னு கத்திக்கிட்டு இருந்தேன். ஒரு வாரமா சாரல், தரை பூரா பாசி. ஆசுபத்திரியில கையெலும்பு விட்டுப்போச்சுன்னாவ. சீட்டு எழுதுத ஆளு, எப்படிம்மா விழுந்தன்னு கேட்டாரு. வழுக்கி விழுந்தேன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சந்தனமாரி தள்ளிட்டான்னு வந்துட்டு. ஒரு வார்த்தைதான். பெறகு அதை எல்லாரும் எழுதிக்கிட்டே போனாவ. வலது கையில கட்டு இருந்ததால உங்க ஸ்டேஷன்ல இடது கைப் பெருவிரலை உருட்டுனாவ. நெசம் என்னன்னு வீட்டுக்காரருக்குக்கூட தெரியாது. அத்தைக்கும் தெரியாது. சாயங்காலம் போயிதான் சொல்லணும், அங்கன என்ன நடக்கும்னு எனக்கே தெரியல.

தெரியும்க்கா. பொய்ப் புகாருன்னு என் மேலயே திருப்பி கேசு போடலாம். எங்க ஊர்ல ஒரு வக்கீல் வீட்டு வேலைக்காரம்மா சொன்னாவ. போட்டா போடட்டும். நான் எங்கயும் வெளிநாட்டுக்குப் போகப் போறதில்ல.

என் பேருதான கூப்பிடுதாரு? மாரியும் எந்திரிச்சிட்டா பாருங்க. பிள்ளையைக் கூண்டுக்குள்ள விட மாட்டாவ. நீங்க செத்த நேரம் தூக்கி வச்சுக்கிடுங்கக்கா. அவளைத் தேடி அழுவான், பைய முதுகைத் தட்டிக் கொடுங்க, போதும். நான் உள்ள போயி, நானாத்தான் விழுந்தேன்னு ஐயாகிட்ட சொல்லிட்டு வந்துருதேன்.